இடதுபுறத் தேய்வு

தக்கலைச் சந்தைக்குப் பின்னால் அசனாரின் ஆக்கர் கடை.
சைக்கிள் ரிம், ரப்பர் பால் சிரட்டைகள்,
வயிறு திறந்த ஒரு தண்ணீர் மோட்டார்,
எல்லாம் தாண்டி உள்ளே வரச் சொன்னார்.

"மேடம் கேட்ட கடிவாளம் கிடைச்சுட்டு.
நாலு நாளா புளி போட்டு வெளக்கினேன்.
இப்பம் பாருங்கோ, பொன்னு மாதிரி இருக்கு."

இருந்தது.
சங்கு இருந்திருக்க வேண்டிய பித்தளைக் குமிழில்
என் மூக்கு தெரிந்தது.

மூன்று வருடமாக அந்தச் சங்கைத்தான் தேடுகிறேன்.
வார் ஒன்று, வளையம் ஒன்று,
செய்தவனும் கடலுக்கு அப்பால் ஒரே பட்டறைக்காரன்.
கட்டைவிரல் அகலத்தில் ஒரு சங்கு குத்தியிருந்தால்
திருவிதாங்கூர்க் குதிரை.
இல்லையென்றால் எவனுடைய பட்டாளமோ.

"இதில் ஏதும் முத்திரை இருந்ததா?"
"என்னமோ அழுக்கு போல ஒண்ணு இருந்துது. போயிட்டு."

கோபப்பட நினைத்தேன். வரவில்லை.
ஆனியில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை,
இரண்டுக்கும் பூஞ்சை பிடிக்கிற ஊரில்
சேணங்கள் எப்போதோ மண்ணாகிவிட்டன.
இரும்பு மட்டும் வேறு வேலைக்குப் போய்ச் சேர்ந்தது.
இரணியலில் ஒரு அங்கவடி, கிணற்றுக் கப்பிக்குக் கொக்கி.
குலசேகரத்தில் றசலம் வீட்டுப் புகைப்புரையில்
ஷீட் காயும் கம்பியின் இரண்டு முனையிலும்
இரண்டு அங்கவடி. அளந்து பார்த்தேன், ஜோடிதான்.
விலைக்குக் கேட்டேன்.
"பொறவு ஷீட்டை எங்க காயப்போட?" என்றாள்.
படம் மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கொல்லம் ஆயிரத்து அறுபத்தேழாம் ஆண்டுக் கணக்கு ஒன்று
என்னிடம் நகலாக இருக்கிறது.
மலையாள எழுத்து. ஓரமெல்லாம் கரையான்.
குதிரை பதினொன்று. நிறம், உயரம்,
நாளுக்குக் கொள்ளு எத்தனை நாழி, புல் எத்தனை கட்டு.
சவாரி செய்தவன் பெயருக்குக் கட்டமே கிடையாது.
ஏழாம் குதிரை, செம்பழுப்பு.
குறிப்பு: இடதுபக்கம் கடிக்கும்.
யாரை, எதை என்று கணக்கன் எழுதவில்லை.
இடதுபக்கம் நின்று வார் இறுக்கியவனின் தோளையா?

கடையில் வெளிச்சம் போதாது.
வாசலுக்கு வந்து வாய்க்கம்பியைத் திருப்பினேன்.
வலதுபுறம் உருண்டை, விரல் வழுக்கியது.
இடதுபுறம்
கடைவாய்ப் பல் அரைத்து அரைத்துத்
தட்டையாகி, நடுவில் ஒரு பள்ளம்.
நாலு நாள் புளிக்கு அது அசையவில்லை.

நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொண்டது உண்மை.
உடனே எனக்கு நானே சொன்னேன்:
இடதுபக்கம் கடிக்கிற குதிரை
உலகத்தில் ஒன்றுதானா?

"இருநூத்தம்பது குடுங்கோ. புளிக்கு அம்பது தனி."
கொடுத்தேன்.

நாகர்கோவில் பஸ்ஸில் மடியில் வைத்து அட்டை எழுதினேன்.
எண் நாற்பத்து மூன்று. இரும்பு, பித்தளை.
அகலம் பன்னிரண்டு புள்ளி நான்கு சென்டிமீட்டர்; சின்ன வாய்.
முத்திரை: இல்லை.
அடித்துவிட்டு, துலக்கப்பட்டது, என்று எழுதினேன்.
சமஸ்தானம் என்ற இடத்தில் பேனா நின்றது.
உதயகிரி மதில் ஜன்னலில் வந்தது, போனது.
வில்லுக்குறியில் மழை பிடித்தது.
ஏழு என்று எழுதி
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்;
பஸ் குலுங்கியதில் அது கொக்கி போல வளைந்துவிட்டது.

இரவு,
இதை எந்த அட்டையிலும் எழுதப்போவதில்லை,
கதவைத் தாழிட்டுவிட்டு
அந்தப் பள்ளத்தில் என் இடது கடைவாயை வைத்துக் கடித்தேன்.
முதலில் புளி.
கொஞ்சம் பொறுத்து, அடியிலிருந்து,
இரும்பு.